பன்னிரண்டு கோப்பைக்கு ஒரு நாவல்

போன வாரம் கூரியரில் ஆறு காபிக் கோப்பைகள் வந்தன. மருமகள் வரவழைத்தது. பெட்டியைப் பிரித்ததும் பேத்தி அபி உள்ளே இருந்த பிளாஸ்டிக் குமிழித் தாளை உருவிக்கொண்டு ஓடி, சோபாவில் உட்கார்ந்து பட் பட்டென்று உடைக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் அவள் படித்துக்கொண்டிருந்த கதைப் புத்தகம் கவிழ்ந்து கிடந்தது. நான் காலிப் பெட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. வைக்கோல் வாசனை வரும் என்று எந்த நினைப்பில் மோந்தேனோ, போங்கள்.

அந்த நேரம் பார்த்து என் மகன் வந்தான். "என்னாம்மா இது, லீவு வுட்டு பத்து நாளாச்சு. இவ இந்தக் குப்பைக் கதையவே படிச்சிக்கிட்டு கெடக்குறா. நீயாச்சும் சொல்லக் கூடாதா?" என்றான். கையில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பட்டியல் வேறு. விடுமுறையில் படிக்க வேண்டிய உருப்படியான புத்தகங்களாம். வாங்கிப் பார்த்தேன். எல்லாம் பெரிய மனிதர்கள் பெரிய மனிதர்களுக்காக எழுதியவை. பதின்மூன்று வயசுப் பெண் மே மாதத்தில் அதைப் படிக்க வேண்டும் என்றால் அவள் என்ன குற்றம் செய்தாள்?

எனக்கு வந்ததே கோபம். அவனிடம் சண்டைக்குப் போனால் காபி ஆறிவிடும் என்று பேசாமல் இருந்தேன். உங்களிடம் சொல்கிறேன். நான் குப்பையைப் படித்து வளர்ந்தவள். வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எடைக்குப் போட்ட குப்பை. அதில் எனக்கு வெட்கமும் கிடையாது.

விருத்தாசலத்தில் எழுபதுகளின் தொடக்கத்தில் பீங்கான் கம்பெனிகள் இருந்த பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் வெள்ளை மண்ணாக இருக்கும். அப்பா ஒரு கம்பெனியில் சூளை வேலை பார்த்தார். வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். பத்தாவது முடித்த கோடை விடுமுறையில் என்னையும் அங்கே பேக்கிங் ஷெட்டில் சேர்த்துவிட்டார். வீட்டில் இருந்தால் தம்பியோடு சண்டை போடுகிறேன் என்று காரணம். அதில் ஓரளவு உண்மை உண்டு.

ஷெட்டில் வேலை ரொம்ப சுலபம். கோப்பையைத் தாளில் சுற்றி, மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, அடுக்கி, மேலே மறுபடி வைக்கோல் போட்டால் ஆணி அடிக்க ஆள் வரும். ஜங்ஷனிலிருந்து பார்சலில் எங்கெங்கோ போகும். சுற்றுகிற தாள்தான் விஷயமே. மெட்ராஸிலிருந்து கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர் வரும். பெரும்பாலும் செய்தித்தாள், பரீட்சைப் பேப்பர். ஒரு நாள் கட்டைப் பிரித்தால் உள்ளே முழுக்க நாவல்! விற்காமல் திரும்பி வந்த மாத நாவல்கள். அட்டையைக் கிழித்துவிட்டு எடைக்குப் போட்டிருந்தார்கள். அட்டை இல்லாததால் பேரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். 'சைக்கிள்காரி கதை', 'பேய் பங்களாக் கதை', 'ரெண்டு சித்தப்பா கதை' என்று.

எல்லாம் காலேஜ் பெண்களின் கதை. லீவுக்கு மலைக்குப் போவார்கள், சைக்கிளை வாடகைக்கு எடுப்பார்கள், திருடனைத் துரத்துவார்கள், நடுவில் யாராவது ஒரு சேகரோடு சண்டை பிடிப்பார்கள். ஒருத்தியும் தண்ணீர் சுமந்ததாகக் கதையில் வராது. நான் கட்டைப் பிரித்த அன்றே, பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒன்றைப் படித்து முடித்துவிட்டேன். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் உரக்கப் படிக்க ஆரம்பித்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவள் ரோசி அக்கா. என்னைவிட ஏழெட்டு வயசு பெரியவள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவாள். பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவள், வருகைப் பதிவில் கைநாட்டு. நான் சுற்றுவேன், அவள் தாளை எண்ணி எடுத்துக் கொடுப்பாள். கதை என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் கேள்வி கேட்டே என் பிராணனை வாங்குவாள்.

"ஏன்டி, சுவெட்டர் சுவெட்டர்ங்கறியே, சுவெட்டர்னா என்னா?"

எனக்கு மட்டும் தெரியுமா? அக்னி நட்சத்திரம் கொளுத்துகிறது, சூளை இருபதடி தள்ளி எரிகிறது, மணிமுத்தாற்றில் மணல்தான் ஓடுகிறது. அந்த ஊரில் எவள் சுவெட்டரைக் கண்டாள்? "அது ஒரு மாதிரி குடைதான்க்கா, மழைக்குப் போட்டுக்கறது" என்றேன் கூசாமல். அவள் நம்பினாள். மாலினி குளிரில் சுவெட்டரைப் பொத்தான் போட்டுக்கொண்டாள் என்று அடுத்த வரி வந்ததும், "குடைக்கு எதுக்குடி பொத்தான்?" என்று மடக்கினாள். ஷெட்டே சிரித்தது.

மாலினி என்பவள்தான் சைக்கிள்காரி. அவள் சைக்கிளில் போய் சேகர் மேல் மோதுவாள். பிறகு ஒரு நெக்லஸ் காணாமல் போகும். இவள்தான் எடுத்திருப்பாள் என்று சேகர் சந்தேகப்பட்டுவிடுவான், படுபாவி. கடைசியில் இவளே உண்மைத் திருடனைப் பிடித்துக் கொடுப்பாள். சேகர் வந்து மன்னிப்புக் கேட்பான். இவள் மன்னித்தாளா இல்லையா என்பது கடைசித் தாளில். எங்கள் ஷெட்டில் இது பெரிய வழக்காகவே நடந்தது. "மன்னிக்கக் கூடாது, செருப்பால அடிக்கணும்" என்றது ஒரு கட்சி. அந்தத் தாளை மட்டும் நான் மூன்று தடவை படிக்க வேண்டி வந்தது.

படித்து முடித்ததும் அதைக் கிழித்துக் கோப்பையில் சுற்ற வேண்டுமே! முதல் பக்கம் திருச்சிக்கும் நடுப்பக்கம் சேலத்துக்கும் போனால் அது என்ன நியாயம்? அப்போதுதான் கவனித்தேன். ஒரு கோப்பைக்கு நாலு தாள். பெட்டிக்கு ஒரு டஜன், ஆக நாற்பத்தெட்டு. அந்த நாவலில் இருந்ததும் நாற்பத்தெட்டுத் தாள், தொண்ணூற்றாறு பக்கம். ஒரு பெட்டிக்கு ஒரு நாவல்! வரிசையாகச் சுற்றி அனுப்பினால், அங்கே பிரிப்பவர்கள் கோப்பை கோப்பையாகப் படிக்கலாம். ஆனால் ஒரு சங்கடம். பிரிக்கிறவர்கள் மேலிருந்து எடுப்பார்கள், நாங்கள் அடியிலிருந்து அடுக்குவோம். ஆகவே முடிவை முதலில் கட்ட வேண்டும். பன்னிரண்டாவது கோப்பைதான் முதலில் பெட்டிக்குள் போகும். இப்படியே ஒரு மாதத்தில் ஏழெட்டு நாவல்களை ஊர் ஊராக அனுப்பினோம். யாருக்குப் போகிறது, அவர்கள் படிப்பார்களா, அடுப்பில் போடுவார்களா, ஒன்றும் தெரியாது. அனுப்பினோம்.

மேஸ்திரிக்கு இது பிடிக்கவில்லை. கதை கேட்டுவிட்டு வந்தால் பெண்களுக்குக் கை ஓடாது என்பது அவர் கட்சி. எங்கள் கை முன்னைவிட வேகமாக ஓடியதை அவர் பார்க்கவே இல்லை. ஒரு நாள் என் கையிலிருந்து நாவலைப் பிடுங்கி வைக்கோல் போரில் வீசினார். "இன்னொரு தடவ இந்தக் குப்பையப் படிக்கறதப் பாத்தேன், எல்லாரும் கேட்டுக்கு வெளியதான். ஒங்கப்பனும் சேத்துதான், ஆமா!" என்றார். அன்று சாயங்காலம் அப்பாவும் சொல்லிவிட்டார்: "என் வேலைக்கு உல வச்சேன்னா, ஜூன் மாசம் ஸ்கூலுக்குப் போற பேச்சே கெடையாது. வூட்லயே கெட."

பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். பதினொன்றாவதோடு பள்ளிக்கூடம் முடிகிற காலம் அது, ஒரு வருஷப் படிப்புதான் பாக்கி. மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நாலாம் நாள் ரோசி அக்கா, "என்னாடி, ஊமையாயிட்டியா? நீ படி. நான் வாசலப் பாத்துக்கறேன்" என்றாள். படித்தேன். படிக்காமல்?

பத்து நாள் கழித்து ஆபீஸ் ரூமுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. எனக்கும் ரோசி அக்காவுக்கும். உள்ளே முதலாளி உட்கார்ந்திருக்கிறார், மேஸ்திரி நிற்கிறார், மூலையில் அப்பா தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். மேஜைமேல் ஒரு கடிதம். காரைக்குடிப் பக்கம் ஒரு பாத்திரக் கடையிலிருந்து வந்தது. பெட்டிக்குள் கட்டியவர் பேர்ச்சீட்டு போடுவது வழக்கம், அதில் எங்கள் பேர்.

முதலாளி கடிதத்தைப் படித்தார். பன்னிரண்டாவது கோப்பையின் காது உடைந்திருக்கிறது, மாற்றி அனுப்பவும். அதுவரைக்கும் கடைக்காரர் எழுத்து. கீழே வேறு ஒரு கை, முத்து முத்தாக எழுதியிருக்கிறதாம்: 'மேற்படி கோப்பையில் மூன்று தாள்தான் இருந்தது. கதை தொண்ணூற்று நாலாம் பக்கத்தோடு நிற்கிறது. மாலினி மன்னித்தாளா? கடைசித் தாளை அவசியம் அனுப்பவும். வீட்டில் நாங்கள் நாலு பேர் காத்திருக்கிறோம்.'

முதலாளிக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "யாரு வேல இது?" என்றார்.

"நான்தாங்க" என்றேன். "அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"தாள் ஒண்ணு கொறைஞ்சதாலதான் கப்பு ஒடைஞ்சிருக்குது. கடைசித் தாள் எங்க?"

அதுதான் எனக்கும் புரியவில்லை. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே சுற்றியிருக்கிறேன், ரோசி அக்கா கொடுத்ததை எண்ணவில்லை. பக்கத்திலிருந்து அவளே, "எங்கிட்ட இருக்குதுங்க" என்றாள். சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்தாள். நாலாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

மேஸ்திரி, "கைநாட்டுக்கு எதுக்குத் தாளு?" என்று சிரித்தார்.

"படிக்கத்தான்" என்றாள் அவள். சொல்லிவிட்டு அங்கேயே, ஆபீஸ் ரூமில், விரலை வைத்து வைத்துப் படிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி. நான் உரக்கப் படித்தபோதெல்லாம் அவள் ஏன் என் தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள், ஏன் "அந்த எழுத்தக் காட்டுடி" என்றாள் என்று ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை. கதை சொல்கிற மகாராணி என்ற நினைப்பு எனக்கு. அவள் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அந்த ஒரே தாளை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டியிருக்கிறாள்.

"மாலினி சி… சிரித்தாள். ஐஸ்… கிரீம் வாங்கித் தந்தால் மன்னிக்கிறேன் என்றாள்."

"எல்லாம் மனப்பாடம். இந்தப் புள்ள படிச்சதக் கேட்டு ஒப்பிக்குது" என்றார் மேஸ்திரி.

ரோசி அக்கா அவரைப் பார்த்தாள். மேஜையிலிருந்த கடிதத்தை, முதலாளியைக் கேட்காமலே எடுத்தாள். கையெழுத்து, அச்சு இல்லை. ரொம்ப நேரம் ஆனது. அப்பா தலையை நிமிர்த்திப் பார்த்தார். "வீட்… டில் நா… நாங்கள் நாலு பேர் கா… காத்… காத்திருக்கிறோம்" என்று முடித்தாள். வேர்த்து ஊற்றிவிட்டது அவளுக்கு.

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, வேற கப்பு அனுப்புங்க. அந்தத் தாளையும் வச்சி அனுப்புங்க" என்றார்.

"தாளத் தர மாட்டேங்க" என்றாள் ரோசி அக்கா. "எழுதித் தரேன்."

இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. முதலாளி முன்னால் நிற்கக்கூடத் தயங்குகிறவள்! சொன்னபடியே ரெண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் நோட்டுத் தாளில் அந்தத் தாளின் ரெண்டு பக்கத்தையும் பார்த்துப் பார்த்து எழுதினாள். எழுத்து ஒவ்வொன்றும் கொழுக்கட்டை சைஸுக்கு இருந்ததால் ஏழு தாள் பிடித்தது. ஏழு தாளையும் அந்த ஒரு கோப்பைக்குச் சுற்றினோம். அது உடைந்திருக்க வாய்ப்பே இல்லை. ஜூனில் நான் ஸ்கூலுக்குப் போனேன். அப்பா அதைப் பற்றிப் பேசவே இல்லை. பின்னால் தபால் ஆபீஸில் வேலை கிடைத்து, முப்பது வருஷம் ஊரார் கடிதமெல்லாம் என் கை வழியாகப் போனது. கொழுக்கட்டை எழுத்தில் விலாசம் வந்தால் மட்டும் கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு முத்திரை குத்துவேன்.

உருப்படியான புத்தகங்களை அப்புறம் நானும் படித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எழுத்தே தெரியாத ஒருத்தியை எழுத்துக் கூட்ட வைத்தது அவை எதுவும் இல்லை. ஐஸ்கிரீம்! அவள் அதுவரை ருசிகூடப் பார்க்காத ஐஸ்கிரீம்.

ரோசி அக்கா போன மாசி மாதம் தவறிவிட்டாள். துக்கத்துக்குக் கருவேப்பிலங்குறிச்சி போயிருந்தேன். பேச்சுவாக்கில் அவள் மகன், "ரேஷன் கார்டு கவர்ல ஏதோ பழைய கத பேப்பர் ஒண்ணு வச்சிருந்தாங்க ஆன்ட்டி, தொட்டா உதிருது. குப்பன்னு தூக்கிப் போட்டுட்டேன்" என்றான். ஷெட் இருந்த இடத்தில் இப்போது செல்போன் டவர் நிற்கிறது. மாத நாவல் தொங்கிய பெட்டிக்கடையும் போய்விட்டது. அந்தத் தாளும் போய்விட்டது.

இதையெல்லாம் அசைபோட்டு முடிப்பதற்குள் காபி ஆறித்தான் போனது. மகன் முகம் வாடி நின்றான். "என்னாம்மா, கோவமா?" என்றான். நான் அந்தப் பட்டியலை மடித்து அவன் சட்டைப் பையில் செருகிவிட்டு, அபியின் புத்தகத்தை நிமிர்த்தி அவள் கையில் கொடுத்தேன்.

"ஐஸ்கிரீம் வாங்கித் தந்தால் மன்னிக்கிறேன்" என்றேன்.

அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று திருதிருவென்று முழித்தான். அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டியவள் கருவேப்பிலங்குறிச்சியில் இல்லை.