எங்கள் பௌத்தக் கார்

நாங்கள் சைவர்கள். எங்கள் கார் பௌத்தம்.

கல்கிசையில் ஓய்வுபெற்ற ஒரு சிங்களக் கனவானிடம் அதை வாங்கினோம். வெளிறிய நீல நிறம், ஜப்பானில் செய்தது. இடது பின்கதவு உள்ளேயிருந்து மட்டும்தான் திறக்கும். முன் கண்ணாடிக்குக் கீழே, உள்ளே டாஷ்போர்டில், விரல் நீளத்தில் ஒரு வெள்ளைப் புத்தர் சிலையை அவர் பசை போட்டு ஒட்டியிருந்தார். சிலை வீதியைப் பார்த்தபடி இருந்தது. உள்ளே இருக்கிறவர்களுக்கு முதுகுதான் தெரியும். பின் கண்ணாடியில் பௌத்தக் கொடி ஸ்டிக்கர், நடுவில் தொங்கும் கண்ணாடியில் பிக்கு பிரித் ஓதிக் கட்டிய நூல். இதையெல்லாம் எடுத்துவிட்டுத் தரட்டுமா என்று அவர் மரியாதையாகக் கேட்டார். என் கணவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, இருக்கட்டும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன்.

 வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் இவர், இனி பன்சலைக்கும் போய்ப் புத்தரைக் கும்பிடுவமோ என்று கேட்டார். எனக்கும் ஆத்திரம் வந்தது. செக்பொயின்றில் இறக்கி விசாரிக்கிற நேரம் உங்கட ரோசம் வந்து காப்பாற்றாது என்றேன்.

மற்ற ஊர்களில் கார் ஆளின் வசதியைச் சொல்லுமாம். போர்க்காலக் கொழும்பில் அது ஆளின் இனத்தைச் சொல்லியது. பம்பரில் கட்டிய எலுமிச்சம்பழமும் பொனற்றில் பூசிய சந்தனமும் சென்ரிக்காரனுக்குத் தூரத்திலேயே தெரியும். வடமாகாண நம்பர் பிளேட் என்றால் கேட்கவே வேண்டாம். ஓரம் கட்டச் சொல்லி, டிக்கியைத் திறந்து, சீற்றையும் கிளப்பிப் பார்ப்பார்கள். எங்கள் காரைக் கண்டால் கை தானாக அசையும், போ போ என்று. அப்படி விட்ட ஒவ்வொரு தடவையும் எனக்கு முதலில் மூச்சு வரும், பிறகு எரிச்சல் வரும். யார் மீது எரிச்சல் என்று யோசிக்க நேரம் இருக்காது, அதற்குள் அடுத்த தடுப்பு வந்துவிடும்.

நானும் காருக்கு ஏற்றபடி மாறினேன். ஒழுங்கை முனையில் நெற்றிப்பொட்டைக் கழற்றி ஸ்டியரிங்கின் அடியில் ஒட்டுவேன். ஹெவ்லொக் டவுனில் என் அலுவலகத்துக்கு முன்னால் காரை நிறுத்தியதும் எடுத்து மறுபடி நெற்றியில் ஒட்டுவேன். இவர் ஆசையாக வாங்கி வந்த பித்தளைப் பிள்ளையார் டாஷ்போர்ட் லாச்சிக்குள் ஸ்குரூ டிரைவரோடு கிடந்தார். லாச்சியைத் திறக்க நேர்ந்தால் நான் அவரைப் பார்க்காமல் மூடிவிடுவேன்.

அந்தக் காலத்தில்தான் என் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தான். இருபத்திரண்டு வயது. லண்டனில் படிக்க விசா கிடைத்து, விமானம் ஏற வேண்டும். அவன் எங்களோடு தங்கியிருப்பதைப் பொலிசில் பதிந்திருந்தோம். பதிந்தும் என்ன, கடைக்குப் பாண் வாங்கப் போன பெடியன்கள் திரும்பி வராத நாட்கள் அவை. லிப்ட் எங்கள் மாடியில் நின்றால் மூன்று பேரும் சாப்பாட்டில் கை வைத்தபடி இருப்போம். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடிய பிறகுதான் மறுபடி சாப்பிடுவோம். இவனை எப்படியாவது விமானத்தில் ஏற்றிவிட வேண்டும், இதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

விமான நிலையத்துக்கு வாடகை வான் பிடிப்போம் என்றார் இவர். பெடியன் ஒருவனும் சூட்கேஸும் வானும் சேர்ந்தால் ஒவ்வொரு தடுப்பிலும் இறக்குவார்கள் என்று நான் மறுத்தேன். ஆண்கள் இரண்டு பேர் முன்னால் இருந்தாலும் சந்தேகம்தான். எனவே நான் ஓட்டுவது, தம்பி பக்கத்தில் இருப்பது, புத்தர் வழிகாட்டுவது என்று முடிவாயிற்று. இவர் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் தன் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டுத்தான் பெடியன் போக வேண்டும் என்று நின்றார். சரி என்றேன். ஆனால் காருக்குப் பூசை கிடையாது, சில்லுக்கு எலுமிச்சம்பழம் கிடையாது, தேங்காய் கிடையாது.

காலையில் அர்ச்சனை முடிந்தது. இவர் தம்பியைக் கட்டிப்பிடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அலுவலகத்துக்கு நடந்து போனார். தம்பி வாழையிலைத் துண்டில் திருநீறும் சந்தனமும் குங்குமமுமாக வந்து ஏறினான். நெற்றி நிறையப் பூசியிருந்தான்.  துடை, ஒரு பொட்டும் இருக்கக்கூடாது என்று அதட்டினேன். அவன் கையால் துடைத்தான். நான் ஐயர் எங்காவது கைவைத்துவிட்டாரோ என்று இறங்கிப் போய்ப் பொனற்றையும், பிறகு பின்னால் போய் நம்பர் பிளேட்டையும் தடவிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஏறி ஸ்ராட் பண்ணினேன்.

களனிப் பாலம் கடந்து கொஞ்ச தூரத்தில் ஒரு தடுப்பு. அங்கே நின்ற ஆமிக்காரனுக்கும் தம்பியின் வயதுதான் இருக்கும். எங்கள் காரைக் கண்டதும் வழக்கம்போலக் கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது. குனிந்து முன் கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தான். பிறகு காரை ஓரமாக விடச் சொன்னான்.

நான் இறங்கி முன்பக்கம் போனேன். புத்தரின் நெற்றியில் வட்டமாகச் சந்தனப்பொட்டு, அதன் நடுவே குங்குமம். எங்கள் வீட்டுச் சாமிப்படங்களுக்கு வெள்ளிக்கிழமை வைப்பது போல அவ்வளவு அழகாக வைத்திருந்தது.  உலகத்தில் எந்தச் சிங்களவரும் புத்தருக்கு அப்படிப் பொட்டு வைக்க மாட்டார்.

யார் வைத்தது என்று ஆமிக்காரன் கேட்டான். நான் ஜன்னலால் தம்பியைப் பார்த்தேன். அவனுக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் விரல் புத்தரை நோக்கி நீண்டதும் விளங்கிக்கொண்டான்.

"என்னை வைக்க வேண்டாம் எண்டு சொன்னனீங்கள்," என்றான் மெதுவாக. "கையில மிச்சம் கிடந்தது. அதுதான் அக்கா, அவருக்கு வைச்சனான்."

அவனை அடிக்கவா கட்டிப்பிடிக்கவா என்று தெரியவில்லை. என் தம்பிதான் வைத்தான், சாமி என்று நினைத்து வைத்துவிட்டான், மன்னிக்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னேன். இவ்வளவு காலமும் அந்தச் சிலைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த எல்லாம் ஒரே வசனத்தில் வெளியே வந்துவிட்டது. ஆமிக்காரன் அடையாள அட்டைகளைக் கேட்டான், பாஸ்போர்ட்டைக் கேட்டான், டிக்கற்றைக் கேட்டான். தம்பியின் பிறந்த இடத்தை இரண்டு தடவை வாசித்தான். புத்தரைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான். எங்களுக்குப் பின்னால் வந்த வாகனங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. விமானத்துக்கு நேரமாகிறது என்று சொல்லக்கூட எனக்குப் பயம்.

பாஸ்போர்ட்டை மூடிக் கையில் வைத்துக்கொண்டு, தம்பிக்குச் சிங்களவர் சொல்லும் சொல்லால் அவன் கேட்டான்.

"மல்லி திரும்பி வருவாரா?"

 படித்து முடித்து வருவான் என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தோம். தம்பிக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தோம். எனக்கு நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆமிக்காரனின் முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. அவன் எந்தப் பதிலுக்குக் காத்திருக்கிறான் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

"நே," என்றேன். பிறகு அது போதாதோ என்று பயந்து, இல்லை, வரமாட்டான், ஒருநாளும் வரமாட்டான் என்று முழுதாகச் சொன்னேன்.

அவன் பாஸ்போர்ட்டை நீட்டினான். அப்படியென்றால் போங்கள் என்றான்.

 கொஞ்ச தூரம் போன பிறகு தம்பி, அவன் கடைசியாக என்ன கேட்டவன் என்றான். கவனமாகப் போய்வரச் சொன்னவன் என்றேன். நல்லவன் போல கிடக்கு என்று சொல்லிவிட்டு அவன் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

வழியனுப்ப வந்தவர்களை விமான நிலையத்துக்குள் விடாத காலம் அது. தடுப்புக்கு வெளியே சூட்கேஸை இறக்கினான். போகிறேன் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லிப் புறப்பட்டதில்லை. அவனும் சொல்லவில்லை.

"போட்டு வாறன் அக்கா."

வாசலில் நின்று, போய் வா என்று ஆயிரம் தடவை பதில் சொன்ன வாய்தான். அன்றைக்கு அது திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவன் நான் ஏதாவது சொல்வேன் என்று சற்று நின்று பார்த்துவிட்டு, சூட்கேஸை இழுத்துக்கொண்டு போனான்.