யுனிக்ஸ் காலியாக விட்ட கட்டம்

யுத்த காலத்தில் கண்டியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வெளியீடுகளுக்கு நான் பொறுப்பு. என் படிவம் நிரம்பாமல் எந்தக் கருவியும் வெளியே போகாது. காலிக் கட்டம் உள்ள படிவம் செல்லாது என்ற விதியையும் நானே எழுதினேன்.

அந்த வியாழக்கிழமை வெளியிட இருந்தது புரோகிராம் எழுதுபவர்களுக்கான கருவி. கட்டளையைத் தட்டினால், எழுதிய புரோகிராமைப் படித்துப் பிழையுள்ள வரியைச் சொல்லும். டொஸ், விண்டோஸ், யுனிக்ஸ் என்ற மூன்று இயங்குதளங்களிலும் ஓட வேண்டும். முதல் இரண்டும் என்னுடையவை. யுனிக்ஸ் சிவாவுடையது.

சிவா யாழ்ப்பாணத்தவர். வடக்கிலிருந்து வந்த தமிழர்கள் தங்கும் இடத்தைப் பொலிஸில் பதிய வேண்டும். நிரந்தர வேலை என்று நிறுவனத்தின் கடிதம் இருந்தால்தான் பதியலாம். வெள்ளிக்கிழமைக்குள் பதியாவிட்டால் அறையைக் காலி செய்யும்படி வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கருவி மூன்றிலும் ஓடட்டும், பிறகு கடிதம் என்றார் முதலாளி. அவர் அக்குறணையில் துணிக்கடை நடத்தியவர். அனுப்பிய சாமான் சேர்ந்ததா என்று மூன்று தரம் போன் எடுத்துக் கேட்பார்.

பிழையில்லாத ஒரு கோப்பைக் கொடுத்துச் சோதித்தோம். டொஸ் "பிழை இல்லை" என்றது. விண்டோஸும் அதையே சொன்னது. யுனிக்ஸ் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டளைக்குக் காத்து நின்றது.

படிவத்தில் ‘திரையில் வந்த செய்தி’ என்ற கட்டம் காலி. முதலாளி பேனையை மூடினார்.

"என்ன தம்பி, இது ஊமையா?"

"பிழை இல்லாட்டி அது கதைக்காது, சேர்."

"ஒரு வரி போடுங்களே. என்ன கொறஞ்சு போற?"

சிவா மறுத்தார். யுனிக்ஸ்காரர்கள் இந்தக் கருவி சொல்வதை இன்னொரு புரோகிராமுக்கு அனுப்புவார்கள். அது வருகிற ஒவ்வொரு வரியையும் பிழையாக எண்ணும். "பிழை இல்லை" என்று சொன்னால் அதுவும் ஒரு பிழை. விளக்கம் சரியானது. கடிதத்தாள்தான் முதலாளியின் மேசை லாச்சியை விட்டு வெளியே வரவில்லை.

நான் கோப்பின் பதினாலாம் வரியில் ஓர் அடைப்புக்குறியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். யுனிக்ஸ் உடனே வரி எண்ணோடு முறையிட்டது. அதைக் கட்டத்தில் எழுதினேன். குறியைத் திருப்பிப் போட்டதும் அடங்கிவிட்டது.

முதலாளி தானே இரண்டு தரம் செய்து பார்த்தார்.

"அப்ப குத்தம் கண்டாத்தான் வாய் தொறக்கிற. எங்கட ஊட்லயும் ஒராள் ஈக்கிறாங்க" என்று கையெழுத்திட்டார்.

ஒரு கருவி வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்ளுமுன், பிழை வந்தால் அது என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். இதைக் கற்கப் பத்து நிமிடம் ஆனது. படிவத்தில் சேர்க்க மூன்று கூட்டங்கள் ஆயின.

கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். சிவா நின்றபடியே வாசித்தார்.

"அண்ணை, அடையாள அட்டை நம்பரிலை ஒரு இலக்கம் பிழை. இதோடை போனா என்னை உள்ளுக்கை வைச்சிடுவாங்கள்."

திருத்திக் கொடுத்தேன். மேலிருந்து கீழ்வரை மறுபடி வாசித்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பொலிஸுக்குப் போகப் படியிறங்கினார்.