வலப்பக்கத்துத் தொட்டி

குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்த அற்புதமேரி, நல்ல சேலையைக்கூட மாற்றாமல் ஈரத்துணியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். குட்டைப்பனையின் மட்டைகளைத் துடைப்பது அவள் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டாள். மட்டையின் ஓரமெல்லாம் முள், விசிறியின் மடிப்பெல்லாம் ரோட்டுப் புழுதி. அடிமட்டையில் தொடங்கி ஒவ்வொரு விசிறியாகத் துடைத்துக்கொண்டே மேலே வந்த கை நடுவில் நின்றுவிட்டது. ஈட்டி மாதிரி நிமிர்ந்திருக்க வேண்டிய குருத்து அங்கே இல்லை. கத்தியால் ஒரே வீச்சில் நறுக்கிய மொட்டை முனைதான் இருந்தது.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் அது. தண்டலத்துப் பக்கம் இருந்த ஒரு பம்பு கம்பெனியில் அவள் தினக்கூலிக்குப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஏசி போட்ட முன்னறையில் மேனேஜர் கோதண்டராமன் வாங்கி வைத்த செடிகள் ஒவ்வொன்றாகக் கருகின. அற்புதமேரி சின்ன வயதில் கான்வென்ட் விடுதியில் வளர்ந்தவள். அங்கே கோயில் பீடத்தின் இருபுறமும் குட்டைப்பனைத் தொட்டிகள் இருக்கும். அவற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவதும் வெளியே வருவதும்தான் அவளுக்கு விளையாட்டு. உள்ளே ஒரு வாரம் இருந்த தொட்டிக்கு வெளியே ஒரு வாரம் ஓய்வு வேண்டும். அதையும் நேரே வெயிலில் வைத்தால் மட்டை வெந்துபோகும். வேப்பமர நிழலில் வைத்துப் பழக்க வேண்டும். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர். கல்யாணமாகி வந்தபோது சிஸ்டர்மாரிடம் கேட்டு இரண்டு பக்கக் கன்றுகளை வாங்கி வந்திருந்தாள். அந்த ஜோடியைத்தான் இப்போது மாற்றி மாற்றிக் கம்பெனிக்கு எடுத்துப்போய்க் காட்டினாள். கை முழுக்க முள் கீறல். மெஷின் ஷாப்பில் அவளுக்கு 'முள்ளுக்காரி' என்றே பேர்.

மேனேஜருக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் புதராக இல்லாமல் ஒற்றைத் தண்டாக நிற்க வேண்டும் என்றார். அடியில் வெடித்த கன்றுகளை எல்லாம் அவள் அறுத்தெடுத்தாள். "ஈஸ்டர் முடிஞ்ச திங்கட்கிழமை பம்பாயிலேருந்து பெரியவங்க வர்றாங்க. வாசலுக்கு ரெண்டு பக்கமும் ஜோடியா நிக்கணும். நின்னா, தோட்ட வேலைக்கு உன்னைப் பர்மனென்ட் பண்ணிடறேன். இல்லேன்னா மெட்ராஸ் நர்சரிக்காரனுக்குக் காண்ட்ராக்ட்" என்று சொல்லியிருந்தார்.

பர்மனென்ட். அந்த வட்டாரத்தில் பெண் கொடுப்பவர்கள்கூட முதலில் கேட்கும் வார்த்தை. அவள் புருஷன் மைக்கேல்ராஜ் அதே கம்பெனியில் லேத்தில் நிற்கிறான். பல வருஷமாகக் கேஷுவல். பர்மனென்ட் ஆகிவிடாதபடி சில மாதங்களுக்கு ஒருமுறை 'பிரேக்' என்று நிறுத்துவார்கள், பிறகு கூப்பிடுவார்கள்.

இப்போது ஜோடியில் ஒன்றுக்கு உச்சி போயிருந்தது.

பக்கத்து வீட்டுத் தணிகாசலம் வல்லக்கோட்டை முருகனுக்குக் காவடி எடுக்க மாலை போட்டிருந்தார். அந்த வாரமே பங்குனி உத்திரம். அவர் வாசலில் குருத்தோலையைக் கிழித்துத் தோரணம் பின்னிக்கொண்டிருந்தார். அற்புதமேரி நேராக அங்கே போய் நின்றாள்.

"அண்ணே, எங்க வூட்டுத் தொட்டியில கை வெச்சது நீங்களா?"

"இன்னாம்மா சொல்ற? இது ஏரிக்கரைத் தென்னையில வெட்டினது."

உள்ளேயிருந்து அவர் மனைவி சுந்தராம்பாள் கரண்டியோடு வந்தாள். "வெரதம் இருக்கிற மனுசனப் பாத்து திருடன்றியா? உன் தொட்டியில கீற குருத்து ஒரு காவடிக்குக் காணுமா? கோழிக்கு விசிறத்தான் ஆவும்!"

மைக்கேல்ராஜ் வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். "வுடு அற்புதம். ஒரு ஓலைக்காகத் தெருவோட சண்டையா?"

"ஒரு ஓலையா? இதுக்கு உச்சி ஒண்ணுதான். அது அழுகிப்போனா மொத்தமும் போச்சி."

அவன் முகம் கழுவப் போனான்.

அவள் வெட்டுவாயைத் துணியால் ஒற்றி மஞ்சள்தூள் அப்பினாள். பனி, தண்ணீர் எதுவும் உச்சியில் படக்கூடாது என்று தொட்டியைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குள் இழுத்துவந்து சன்னலோரம் வைத்தாள். இருந்தது ஓர் அறை. பக்கத்து மட்டையில், வெட்டுமுனைக்குச் சரிமட்டமாக ஒரு சிவப்பு நூலைக் கட்டினாள். உயிர் இருந்தால் வெட்டின குருத்தும் கீழிருந்து வளரும். முனை நூலைத் தாண்டும். அழுகியிருந்தால் இழுத்ததும் கையோடு வந்துவிடும்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் முனை நூலோடு ஒட்டியே நின்றது. கம்பெனியில் இடப்பக்கத்துத் தொட்டி மட்டும் தனியாக நின்றது. "இன்னொண்ணு எங்க?" என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு, "காத்தாட வெச்சிகீறேன் சார்" என்றாள். புதன்கிழமை முகத்தை அருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். புளித்த வாடை ஏதோ இருப்பதுபோல் இருந்தது. அடுப்பங்கரையில் இருந்த மாவின் வாடையாகவும் இருக்கலாம். இழுத்துப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

"படுக்க எடமில்ல. முள்ளு காலக் கிழிக்குது" என்றான் மைக்கேல்ராஜ்.

"திங்கக்கெழம வரைக்கும் பொறு."

பெரிய வெள்ளிக்கிழமை காலை, இரண்டு விரலால் குருத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். வரவில்லை. கெட்டியாக இருந்தது. குனிந்து பார்த்தாள். நூலுக்கு மேலே ஓர் அரிசி அளவுக்கு வெளிறிய பச்சை தெரிந்தது. கஞ்சிக்கு உலை வைக்கப் போனாள்.

மறுநாள் சனிக்கிழமை, ஈஸ்டருக்காக வீட்டை ஒட்டடை அடித்தாள். இயேசுவின் திரு இருதயப் படத்தைக் கழற்றியபோது பின்னால் செருகியிருந்த ஓலைச் சிலுவை கீழே விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பவனியில் அவள் பிடித்துப் போனது. அன்று இறுக்கமாக மடித்திருந்தது, ஒரு வாரத்தில் காய்ந்து மடிப்பு விட்டிருந்தது. எடுத்துப் படத்தின் பின்னால் வைக்கப்போனவள் நிதானித்தாள். தென்னை ஓலை இப்படிக் காயாது. ஒவ்வொரு இதழின் நுனியும் பாம்பு நாக்குபோல இரண்டாகப் பிளந்திருந்தது. மடிப்புக்குள் வெள்ளைப் பஞ்சு. தினம் துடைக்கிற கைக்கு அது தெரியாதா?

அவள் விடிவதற்கு முன்பே கோயிலுக்குப் போயிருந்தாள். நைட் ஷிப்ட் முடிந்து, வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் பின்னால் வந்த மைக்கேல்ராஜ்தான், "இத்தப் புடி, சிலுவையா மடிச்சிகினு வந்தேன்" என்று கொடுத்தான். அதைப் பிடித்துக்கொண்டுதான் தெரு முழுக்க ஓசன்னா பாடினாள்.

சாயங்காலம் சுந்தராம்பாள் வீட்டு வாசலில் போய் நின்றாள். "யக்கா, அண்ணன்கிட்ட சொல்லிடு. அவரு இல்ல."

"பின்ன யாரு?"

"தப்பு என்னுதுதான். மனசுல வெச்சிக்காதீங்க."

சுந்தராம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், வல்லக்கோட்டை விபூதியோடு வந்த பஞ்சாமிர்தத்தில் ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஈஸ்டர் ஞாயிறு அன்று அற்புதமேரி கறி சமைத்தாள், பரிமாறினாள். திங்கட்கிழமை காலை தொட்டியைச் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டினாள். மைக்கேல்ராஜ் சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் ஓலைச் சிலுவையை வைத்தாள்.

"கோயில் வாசல்ல தென்னங்குருத்து குமிஞ்சி கெடந்திச்சே. அத்த வுட்டுட்டு இதுல ஏன்யா கத்தி வெச்ச?"

அவன் சிலுவையைப் பார்த்தான். "நேரமாயிடுச்சி. நீ வெறுங்கையோட நிக்கக்கூடாதுன்னு..."

"என் கையில அப்பவே ஒண்ணு இருந்திச்சி. நீதான் அத்தப் புடுங்கிப் பக்கத்துல நின்ன கெழவிகிட்ட குடுத்த."

அவன் டீ தம்ளரைக் கீழே வைத்தான். "கேண்டீன்ல இன்னா சொல்றானுங்க தெரியுமா? 'மைக்கேலு, உம் பொண்டாட்டி பர்மனென்ட் ஆயிட்டா, அதுகிட்டதான் நீ கேட்பாஸ் வாங்கிகினு வெளிய போவணும்'ன்றானுங்க. தட்டத் தட்டிச் சிரிக்கிறானுங்க."

"அதுக்கு?"

அவன் கண்ணாடித் தம்ளரைத் தரையில் உருட்டினான்.

அற்புதமேரி ஈரத்துணியை எடுத்து விசிறிகளைக் கடைசியாக ஒருமுறை துடைத்தாள். மொட்டை முனை நூலை இன்னும் கொஞ்சம் தாண்டியிருந்தது. எப்படித் திருப்பி வைத்தாலும் அது நடுவில்தான் தெரியும். முதலில் மேனேஜர் கண்ணில் படப்போவது அதுதான்.

மைக்கேல்ராஜுக்கும் அது தெரிந்தது. தம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். "யாரு வெட்னாங்கன்னு மேனேஜரு கேட்டா இன்னா சொல்லுவ?"

அவள் தொட்டியை இடுப்பில் ஏற்றினாள்.

"இந்த மாசம் எனக்கு பிரேக்கு. பேரு கெட்டா மறுபடி கூப்பிட மாட்டாங்க. அற்புதம், உன்னத்தான் கேக்கறேன்."

விசிறிகள் நிலைக்காலில் இடிக்காமல் தொட்டியை ஒருக்களித்துச் சாய்த்துக்கொண்டு, தலையைக் குனிந்து, அற்புதமேரி வெளியே போனாள்.