கரியாலூர் ஏரியில் ஒரு சுற்று

கள்ளக்குறிச்சியில் என்னைக் கப்பல்காரர் என்பார்கள். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் கடைக்காரர்கள். மளிகை, ஜவுளி, செருப்பு என்று கடைவீதியில் ஆளுக்கொரு கடை. நான் ஒருவன்தான் கடலுக்குப் போய், சரக்குக் கப்பலில் கேப்டனாகி ஓய்வு பெற்றேன். கடல் இல்லாத ஊரில் கப்பல்காரனாக இருப்பதில் ஒரு சௌகரியம், எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார்கள். என் மனைவியைத் தவிர.

அவளிடம் நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. "அடுத்த காண்ட்ராக்ட்ல உன்னயும் கூட்டிக்கினு போறேன்." அதிகாரிகள் மனைவியைக் கப்பலில் கூட வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களின் மனைவிமார் வந்து, சாயங்காலம் டெக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவளுக்கும் பாஸ்போர்ட் எடுத்தேன். ஆனால் ஒரு தடவை என் அம்மாவுக்குப் பக்கவாதம். ஒரு தடவை மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அப்புறம் அதே மகளுக்குப் பிரசவம். எல்லாமே நியாயமான காரணங்கள். அதுதான் வயிற்றெரிச்சல், யாரைப் போய்த் திட்டுவது? அவள் பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியாகிவிட்டது. நானும் கப்பலைவிட்டு இறங்கிவிட்டேன்.

நான் கிளம்பும்போதெல்லாம் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட பஸ் ஸ்டாண்டுக்கு வருவாள். பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, "போய்ட்டு வாங்க, நான் இங்கயே நிக்கிறேன்" என்பாள். பஸ் நகர்ந்ததும் நான் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேனோ என்று பயம். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இப்போது அவளுக்கு முழங்கால் இரண்டும் தகராறு. டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இவள் வேண்டவே வேண்டாம் என்கிறாள். நடை நாளுக்கு நாள் குறைகிறது. இனிமேல் கடல் பயணமெல்லாம் ஆகாத காரியம் என்று எனக்கே விளங்கிவிட்டது. ஆனாலும் தண்ணீரின் மேல் ஒரு தடவையாவது அவளை என் பக்கத்தில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். கல்வராயன் மலையில், கரியாலூரில் படகு விடுகிறார்கள். போன மாதம் கார் பிடித்துக் கிளம்பினோம்.

வடக்கனந்தல் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அவளுக்கு வாய் திறந்துகொண்டது. "கடலைக் காட்டறேன்னு சொல்லிட்டு மலைக்கு இட்டுக்கினு போறீங்களே! கேப்டனுக்கு வழி தெரியலயா இன்னா?" கார் ஓட்டுகிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

ஏரி என்றால் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. என் கப்பலைக் குறுக்கே நிறுத்தினால் இரண்டு கரையும் இடிக்கும். துடுப்புப் படகுக்கு டிக்கெட் வாங்கினேன். நான் முதலில் ஏறி அவளுக்குக் கையைக் கொடுத்தேன். ஒரு காலைத் தூக்கி வைத்தாள். படகு அசைந்தது, முட்டி மடங்கியது. "அல்லாவே" என்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். படகுக்காரரும் ஒரு கை பிடித்துப் பார்த்தார். முடியவில்லை. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "புடிச்சிக்கினுதான இருக்கேன்? வை காலை!" என்று கத்தினேன். கரையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கோபப்படவில்லை. மெல்ல என் கையிலிருந்து தன் விரல்களை விடுவித்துக்கொண்டாள்.

"என்னால ஆவாதுங்க. டிக்கெட்டு வாங்கிட்டீங்க இல்ல? போய்ட்டு வாங்க, நான் இங்கயே நிக்கிறேன்."

இறங்கியிருக்கலாம். வீம்பு, உட்கார்ந்துவிட்டேன். படகு கிளம்பியது. "சார், நடுவுல ஒக்காருங்க. ஆடாதீங்க. தண்ணின்னா பயமா?" என்றார் படகுக்காரர். நான் நகர்ந்து நடுவில் உட்கார்ந்தேன்.

அந்தப் படகில் கரையைப் பார்த்தபடிதான் இருக்கை. முகத்தைத் திருப்பிக்கொள்ள வழியில்லை. அவள் நின்றுகொண்டிருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி. அவளுக்குப் பின்னாலேயே ஒரு சிமெண்ட் பெஞ்சு காலியாகக் கிடந்தது. "கால் வலின்றாங்க, ஒக்காரவே மாட்றாங்களே சார்" என்றார் படகுக்காரர். நான் "ஒக்காரு, ஒக்காரு" என்று கையைக் கீழே காட்டிக் கத்தினேன். நான் டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து அவளும் கையை ஆட்டினாள். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் நின்றிருப்பாள், பாவி நான் பார்க்கவே இல்லையே.

பாதியிலேயே படகைத் திருப்பச் சொன்னேன். கரையேறியதும் முதல் வேலையாக, "பெஞ்சு இருக்குதே, ஒக்காந்தா இன்னா?" என்று கேட்டேன்.

"பழக்கமாயிடுச்சிங்க" என்றாள். "பஸ்சு கண்ணுக்கு மறையிற வரைக்கும் நின்னுகினே இருப்பேன். மறைஞ்சப்புறம்தான் ஒக்காந்து, செத்த நேரம் அழுதுட்டு, வூட்டுக்குப் போவேன். இன்னிக்கு நீங்க மறையவே இல்லியே, நான் எப்டி ஒக்கார்றது?"