எண்பதாவது படி

பஞ்சாலை அக்காவுக்கு இந்தச் சிரம்பான் மீது ஒரே ஒரு குறைதான். ஊரையே தலைகீழாகக் கட்டிவிட்டார்களாம்.

“ரப்பர் எஸ்டேட்டுல வெறுங்கையோட மேட்டுல ஏறுவோம், பால் நெறஞ்ச வாளியோட எறங்குவோம். இங்க வெறுங்கையோட எறங்கி, பாரத்தோட ஏறச் சொல்றான். எவன்லா இத பிளான் பண்ணான்?” என்று இரண்டு கையிலும் பாசாரில் வாங்கிய காய்கறிப் பையோடு நின்று என்னிடம் கேட்பார். நானா கட்டினேன்?

நான் விமலா. லோபாக் பக்கம் மேட்டுக்குப் போகும் படிக்கட்டின் அடியில் பசியாறல் கடை வைத்திருக்கிறேன். மேலே இருக்கும் வீடுகளுக்கு மோட்டார் சைக்கிள்கூடப் போகாது. நூற்றுப் பதினெட்டுப் படிகள்தான் வழி. மேலிருந்து எண்ணினால் எழுபத்தோராவது வரை நகராட்சி போட்ட சிமெண்டு, அதற்குக் கீழே அந்தக் காலத்துக் கருங்கல். அக்கா புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விற்ற பிறகு கணவர் முனியாண்டி அண்ணனோடு மேலே குடிவந்தார். ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது இறங்கி ஏறுவார். மூச்சு வாங்கி நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன்?

போன வருஷம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டுபோய் மேலே விட்டதோடு சரி, அவர் கீழே வரவே இல்லை. மகள் மோகனாவுக்குக் கார்த்திகையில் கல்யாணம் என்று முடிவானது. மாப்பிள்ளை புனிதன் நல்ல பிள்ளை. கோவில் என் கடைக்கு எதிரேதான், படி முடியும் இடத்தில். மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுக்க அண்ணன் வந்தாக வேண்டுமே!

“நாற்காலியில உக்கார வச்சு நாலு பேரு தூக்கிட்டு வந்துரலாம்ணே,” என்று நான் போய்ச் சொன்னேன்.

அவருக்கு வாய் லேசாகக் கோணியிருந்ததே தவிர, பேச்சு கோணவில்லை. “நாலு பேரு தூக்குறதுக்கு வேற ஒரு நாள் இருக்கு விமலா. எம்பொண்ண நான் நடந்து போயிதான் குடுப்பேன்.”

அதன் பிறகு அக்கா ஒரு திட்டம் போட்டார். கல்யாணத்துக்குப் பத்து வாரம் இருந்தது. முதல் நாள் நான்கு படி இறங்கி, ஏறி வருவது. அடுத்த தடவை எட்டு. அதற்கடுத்து பன்னிரண்டு. ஒரு நாள் நடை, மறுநாள் ஓய்வு. மரத்தைத் தினமும் வெட்டினால் காய்ந்துவிடும், காலும் அப்படித்தான் என்றார். முப்பத்தைந்து நடை, ஒவ்வொரு நடைக்கும் நான்கு படி கூடும். நூற்றுப் பதினெட்டைத் தாண்டிக் கோவிலையே சுற்றி வந்துவிடலாம். நானும் நம்பினேன்.

ஆனால் மழைக்காலம் வந்தது. அக்கா விடியற்காலை ஐந்து மணிக்கு வெளியே வந்து முதல் படியைத் தொட்டுப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் அன்றைக்கு நடை கிடையாது. மரம் நனைந்தால் வெட்டு இல்லை என்பது அவர் ரத்தத்தில் ஊறிய சட்டம். ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளக்கும், படி காய்ந்து மொறமொறவென்று கிடக்கும். அப்போதும் அண்ணன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். மறுநாளோ முறைப்படி ஓய்வு நாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏன்க்கா, தோட்டம் மூடி இருபது வருஷமாச்சு, இன்னும் மழைக்கு லீவா? தொட்டில் பழக்கம்...” என்று ஆரம்பித்தவள், நோயாளி இருக்கும் வீடாயிற்றே என்று மீதியை விழுங்கிக்கொண்டேன்.

அக்கா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். முப்பத்தைந்தில் பதினைந்து நடை மழையில் வீணாகப் போயிருந்தது. கல்யாணம் மறுநாள். மீதி இருபது நடையில் அண்ணன் எண்பதாவது படிவரைதான் இறங்கியிருந்தார்.

“வெயிலு வந்தப்புறம் நடக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல விமலா,” என்றார். அந்தக் குரலைக் கேட்டபோது என் வாயைத் தைக்க வேண்டும் போலிருந்தது.

கல்யாணத்தன்று ஏழரைக்கு முகூர்த்தம் முடிகிறது. அண்ணன் வேட்டி கட்டி, அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு ஐந்தரைக்கே கிளம்பினார். நான் தண்ணீர் போத்தலோடு பின்னால் நடந்தேன். எண்பதாவது படியில் ஒரு சின்னத் திட்டு இருக்கிறது. ஏழு மணிக்கு அங்கே வந்தவர், அடுத்த காலை எடுத்து வைத்தார். முழங்கால் வெடவெடவென்று ஆடியது. மறுபடி முயன்றார். முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே தெரியும் கோவில் பந்தலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான்.

அக்கா அவரை என் தோளில் சாய்த்துவிட்டு, முப்பத்தெட்டுப் படியையும் ஓட்டமாக இறங்கினார். திரும்பி வரும்போது கையில் செம்புத் தண்ணீர் இருந்தது. பின்னால் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி மோகனா, அவளுக்குப் பின்னால் மாலையோடு புனிதன், கடைசியில் மூச்சிரைக்க ஐயர்.

“கல்யாணப் பொண்ணு மேட்டுல ஏறி வரலாமா? மாப்பிள்ள வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?” என்று அண்ணன் அதட்டினார்.

“நீங்க எனக்காக எண்பது படி எறங்கினீங்கப்பா. நான் முப்பத்தெட்டு ஏறினா கொறஞ்சா போயிருவேன்?”

அந்தத் திட்டிலேயே கன்னிகாதானம் நடந்தது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மந்திரத்தை வேகமாகச் சொன்னார். அண்ணனின் வலது கை நிற்காமல் ஆடியது. புனிதன் சத்தமில்லாமல் தன் இடது கையால் மாமனாரின் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு, வலது கையில் மோகனாவின் கையை வாங்கினான். அக்கா தண்ணீர் ஊற்றினார்.

“நேரமாச்சும்மா, தாலி கட்டணும், வாங்க,” என்று ஐயர் அவசரப்படுத்தினார்.

“நீயும் போ பஞ்சாலை,” என்றார் அண்ணன்.

“நீங்கல்லாம் போங்க,” என்றார் அக்கா மகளிடம். “நான் அப்பாகூட இருக்கேன்.” மோகனா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு புனிதனின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

உட்காரச் சொன்னோம், அண்ணன் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றார். அக்கா அவர் இடுப்பை அணைத்துக்கொண்டு நின்றார். கீழே கெட்டிமேளம் முழங்கியது. அது அடங்கும்வரை இருவரும் அசையவில்லை.

“கட்டிட்டாங்க,” என்றார் அக்கா.

அப்புறம்தான் அண்ணன் உட்கார்ந்தார்.