நான்காவது மூலை

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் மூலைக்காரி. வீட்டுத் தரகர் ஒருவரிடம் வேலை. விற்பனைக்கும் வாடகைக்கும் வருகிற வீடுகளைப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். எந்த அறைக்குள் போனாலும், நீட்டுகிற தண்ணீரைக்கூட வாங்காமல், நேராக ஒரு மூலைக்குப் போய் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பாள். அங்கிருந்து எடுத்தால்தான் தீப்பெட்டி போன்ற அறையும் கொஞ்சம் அகலமாகத் தெரியும். மூலையை அலமாரி அடைத்துக்கொண்டிருந்தால் துணிகளை ஒதுக்கிவிட்டு அலமாரிக்குள்ளேயே ஏறி நிற்பாள். குளியலறை மிகவும் குறுகல் என்றால் வெளியே நின்று, உள்ளே மாட்டியிருக்கும் கண்ணாடியில் தெரிவதை எடுப்பாள். நாற்பது தாண்டியவள், நெடுநெடுவென்ற உயரம் வேறு. அவள் அப்படி மடங்கி ஒடுங்கி நிற்பதைப் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

பெரிய வீடுகளுக்கு அனுப்பினால் அவளுக்குச் சுரத்தே இருக்காது. ஆளுயர ஜன்னலும் அகலமான கூடமும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் நன்றாகத்தான் வரும், அதில் எனக்கு என்ன வேலை என்பாள். சுவர் கோணலாக இருக்க வேண்டும், அறையின் நட்டநடுவில் தூண் நிற்க வேண்டும், இது தேறாது என்று வீட்டுக்காரரே கையை விரிக்க வேண்டும். அப்போதுதான் அவளுக்குக் கை துறுதுறுக்கும்.

ஒருமுறை ஒரு கிடங்கின் பின்பக்கத்து அறையை எடுக்கப் போனாள். ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். பட்டப்பகலில் விளக்கைப் போடாமல் செருப்பைத் தேட முடியாது. ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, துணிக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் ஒரு விளக்கைச் செருகி வைத்தாள். படத்தைப் பார்த்தவர்கள் வெளியே தோட்டம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அன்று முழுக்க அவள் தனக்குள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

தரகர் இரண்டே சட்டம் போட்டிருந்தார். படத்தில் இருக்கிற எதையும் கம்ப்யூட்டரில் அழிக்கக் கூடாது. முன்பு இருந்த ஒருவன் வாசலில் நின்ற மின்கம்பத்தை அழித்துவிட, வீடு பார்க்க வந்தவர் தெருவே கூடும்படி கத்திவிட்டுப் போயிருந்தார். அடுத்தது, ஆளோ மருந்தோ நோயோ படத்தில் வரக் கூடாது. கம்பத்தை அழிப்பது தப்பு என்றால் துணிக்குப் பின்னால் விளக்கு வைப்பது மட்டும் எப்படிச் சரி என்று யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் எடுக்கும் படங்களுக்கு நாலு வரி எழுதிச் சேர்க்கிற ஆள் பக்கத்து மேசையில் இருந்தார். சுவரில் ஆணி அடித்த ஓட்டை இருந்தால்கூட 'நல்ல காற்றோட்டமான வீடு' என்று தொடங்குவார். அதனால் அவருக்குக் காற்றோட்டம் என்றே பெயர். அலுவலகத்தில் அவள் மனம்விட்டுப் பேசுவது அவரிடம் மட்டும்தான்.

வடிவமைப்புப் படித்தவள் அவள். படிக்கிற காலத்தில் தன் படங்களைச் சுவர் சுவராக மாட்டி ஊரைக் கூட்டிக் காட்டப்போவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அம்மா போனாள். அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்தது. கல்யாணப் பேச்சு இரண்டொரு முறை வாசல்வரை வந்து, கட்டிலில் கிடக்கிறவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. வீட்டுக்கு நேரத்தோடு திரும்பக்கூடிய வேலை எது என்று தேடியதில் தரகர் அலுவலகம் கிடைத்தது. அவளுடைய படங்களை இப்போது ஊரே பார்க்கத்தான் செய்கிறது, வாடகை எவ்வளவு என்று கேட்பதற்காக.

அப்பா பஸ் ஓட்டியவர். நேரம் தவறினால் அவருக்குச் சோறு இறங்காது. படுத்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. அறைக்குக் கடிகாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜன்னல் வழியாக விழுகிற வெயில் காலையில் அலமாரியின் தலைமேல் இருக்கும். அங்கிருந்து இறங்கினால் மகள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். கதவுப் பிடியைத் தொட்டால் பக்கத்து வீட்டு அக்கா டீயோடு வருவாள். தரைக்கு வந்து சேர்ந்தால் சாப்பாடு. மழைக்காலத்தில்கூட வெளுப்பை வைத்தே மணி சொல்வார். உடம்பில் பாதி செத்துக் கிடந்தவருக்கு அந்த ஒன்றில்தான் கொஞ்சம் கர்வம் மிச்சம் இருந்தது. "அலமாரிய விட்டு எறங்கிருச்சு, இன்னும் கிளம்பலையா நீ?" என்று குழறலாக அதட்டுவார். அந்தக் குழறல் அவளுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும்தான் புரியும்.

வாடகை வீடு அது. வெளியூரில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர் விற்கப்போவதாகச் சொல்லி வந்து சேர்ந்தது அவளுடைய தரகரிடமே. உன் வீடாச்சே, நீயே எடுத்துக்கொண்டு வந்துவிடு என்று தரகர் சாதாரணமாகச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வாங்குகிறவர் குடிவரத்தான் வாங்குவார் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். படிக்கட்டு இல்லாத வீடு வேண்டும். படுக்கையில் கிடக்கிறவர் இருக்கிறார் என்றதும் முகம் சுளிக்காத வீட்டுக்காரர் வேண்டும். கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கிற பக்கத்து வீட்டு அக்காவை எந்த வீட்டோடு சேர்த்துத் தருவார்கள்?

காற்றோட்டம்தான் வழி சொன்னார். படத்தைச் சொதப்பிவிடு, நானும் வரிகளைச் சொதப்பிவிடுகிறேன், இரண்டு மாதம் ஒருவரும் எட்டிப் பார்க்காவிட்டால் சொந்தக்காரர் அலுத்துப்போய் விட்டுவிடுவார் என்றார். இத்தனை வருடம் அழகாக்கத் தெரிந்தவளுக்கு அசிங்கமாக்கத் தெரியாதா என்ன? அவளும் சரி என்று தலையாட்டினாள்.

படம் எடுக்கிற அன்று அப்பாவிடம் பொய்தான் சொன்னாள். வெள்ளையடிக்கப் போகிறார்களாம், அதற்காக எடுக்கிறேன் என்றாள். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அலமாரிக்குப் பின்னால் சுவர் ஊறுகிறது, அதையும் மறக்காமல் எடு என்றார்.

முதலில் திட்டப்படியே எல்லாம் நடந்தது. ஜன்னலைச் சாத்தினாள், டியூப்லைட்டைப் போட்டாள். அறை சவக்களை அடித்தது. ஈரச் சுவரையும் உரிந்த சுண்ணாம்பையும் நன்றாகக் காட்டி எடுத்தாள். பார்த்தவன் பணம் கொடுத்தாலும் குடிவர மாட்டான். அத்தோடு கேமராவைப் பைக்குள் வைத்திருக்கலாம்.

ஆனால் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. எல்லாப் படத்திலும் கட்டில் வந்தது. அது ஆஸ்பத்திரி இரும்புக் கட்டில், உள்ளே வைத்து மாட்டியது, கழற்றாமல் வெளியே போகாது. அப்பாவின் முதுகில் புண், இரண்டு ஆண்கள் இல்லாமல் அவரைத் தூக்கக் கூடாது. ஒரு மூலையில் நின்றால் கட்டிலின் கால் தெரிந்தது. அடுத்ததில் அப்பாவின் கால். மூன்றாவதில் மூத்திரப் பை. அழிக்கவும் கூடாது, காட்டவும் கூடாது. அவ்வளவுதான், அவளுக்குள் அந்தப் பழைய துறுதுறுப்பு கிளம்பிவிட்டது. எதற்காக வந்தோம், எதைக் காப்பாற்ற வந்தோம் என்பதெல்லாம் எங்கேயோ போய்விட்டது. இந்த அறையைக் கட்டில் இல்லாமல் எப்படி எடுப்பது? உதட்டைக் கடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். நான்காவது மூலையில் அப்பாவின் தலை இருந்தது.

அங்கேதான் நின்றது புத்தி. கட்டில் தெரியாத இடம் அந்த அறையில் ஒன்றே ஒன்றுதான், அது கட்டிலே.

ஜன்னலைத் திறந்தாள், டியூப்லைட்டை அணைத்தாள். அப்பாவின் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையணையில் அவர் காதோடு காதாகக் கேமராவை வைத்துப் பார்த்தாள். கூரை எங்கோ உயரத்துக்குப் போயிருந்தது. ஜன்னல் பாதிச் சுவரை எடுத்துக்கொண்டது. ஈரம் ஊறிய இடம் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அந்த அறையில் இத்தனை வருடம் இருந்தும் அவள் பார்த்திராத அறை அது. அப்பா தினமும் பார்த்துக்கொண்டிருந்தது.

அவசரப்படாதே என்றார் அப்பா. வெயில் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், கதவுப் பிடியில் பட்டால் பித்தளை பளிச்சென்று ஒரு வெட்டு வெட்டும், அதோடு எடு என்றார். இருவரும் காத்திருந்தார்கள். கேமரா ஆடிவிடக் கூடாது என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப," என்றார்.

அழுத்தினாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சுப்பா. ரொம்ப நல்லா வந்துச்சு."

அலுவலகத்தில் இரண்டு விதப் படங்களும் அவள் கையில் இருந்தன. நல்லதைச் சும்மா காட்டுவதற்குத்தான் காற்றோட்டத்தைக் கூப்பிட்டாள். அவர் வெகுநேரம் பார்த்தார். வழக்கமான நக்கல் ஒன்றும் வரவில்லை. "இத மட்டும் அனுப்பாதீங்க. இதப் பாத்தா நானே கடன ஒடன வாங்கி இந்த வீட்ட வாங்கிருவேன்," என்றார்.

அனுப்பாதே என்றுதான் சொன்னார். அவள் காதில் விழுந்தது மற்றது.

அவளுக்காகப் பரிந்து பேச எனக்கும் ஆசைதான். வேலை போய்விடும் என்று பயந்தாள், தரகருக்குத் துரோகம் செய்ய மனம் வரவில்லை என்றெல்லாம் பூசி மெழுகலாம். அதெல்லாம் இல்லை. தன் வாழ்நாளில் எடுத்த ஒரே நல்ல படம் யார் கண்ணிலும் படாமல் போவதை அவளால் தாங்க முடியவில்லை. காற்றோட்டம் டீ குடிக்கப் போன நேரத்தில், கெட்ட படங்களை நீக்கிவிட்டு நல்லதை அனுப்பினாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். அதை அறிந்தேதான் போட்டுக்கொண்டாள், அன்று சாயங்காலம்வரை சந்தோஷமாக வேறு இருந்தாள்.

படத்தைத் தரகர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். வீடு பார்க்க ஆட்கள் வந்த வண்ணம் இருந்தார்கள். கடைசியாக, கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆன ஒரு ஜோடி வந்தது. கட்டிலில் ஆள் இருப்பதைப் பார்த்துத் தயங்கி வாசலிலேயே நின்றவர்களை அப்பாதான் கையசைத்து உள்ளே கூப்பிட்டார். வெள்ளையடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, என்ன நிறம் அடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். குழறல் புரியாமல் அந்தப் பெண் விழித்தாள். மூலைக்காரியே அதைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியே சொன்னாள்.

"இந்த வெயிலுக்கு வெள்ளையே போதும்ல," என்று அந்தப் பெண் தன் கணவனிடம் சொன்னாள். கணவன் அளவு நாடாவை எடுத்து, கட்டில் கிடந்த சுவரை நீளவாக்கில் அளந்தான். சோபா போடலாம் என்றான்.

அப்பா நாடாவைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பஸ்ஸில் எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியவருக்கு யார் ஏறுகிறார்கள், யார் இறங்க வேண்டும் என்பது புரியாமல் போகுமா? ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவள் அழுதாவது தீர்த்திருப்பாள். அவர் திட்டவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வீடு சுலபத்தில் கிடைக்கவில்லை. நோயாளி என்றதும் பேச்சை மாற்றினார்கள், படியில்லாத வீடு என்றதும் கையை விரித்தார்கள். கடைசியில் தரகரே இரக்கப்பட்டுத் தன்னிடம் இருந்த ஓர் அறையைக் கொடுத்தார். சாவியை வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கிடங்கின் பின்பக்கத்து அறை. அவள் கட்டிய வெள்ளைத் துணிகூட ஜன்னலில் அழுக்கேறி அப்படியே தொங்கியது. துணிக்குப் பின்னால் விளக்கு இல்லை.

பழைய வீட்டில் எடுத்த அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்து வந்து, அப்பாவின் கண்ணுக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டினாள். வெயில் வராத ஜன்னலுக்குப் பதில் ஒரு ஜன்னல். இடம் இல்லாத இடத்தில் வழி கண்டுபிடித்துப் பழகியவள் இல்லையா, அவளுக்கு வேறென்ன தெரியும்? அப்பா நாள்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்திருக்கிறது என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஒருநாள் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது வாயை மூடிக்கொண்டார். படத்தைக் கண்ணால் காட்டினார்.

"எடுத்துரும்மா அத."

"ஏம்ப்பா? நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. வெயில் கதவுகிட்டயே நிக்குது. நகர மாட்டேங்குது."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து படத்தைக் கழற்றினாள். பசை ஒட்டிய இடத்தில் சுண்ணாம்பும் சேர்ந்து உரிந்து வந்தது. ஒரு கடிகாரம் வாங்கி மாட்டட்டுமா என்று கேட்டாள். விளக்கை அணைத்தால் இந்த இருட்டில் முள் எங்கே தெரியப்போகிறது என்றார் அப்பா.

"இப்ப மணி என்ன?"

சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார்.