முகூர்த்தத்துக்கு முந்தின சாயந்தரம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று திண்டிவனத்தில் என்னைத் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி, "லீவு விட்டா தூங்காம இந்தப் பேஜாரு உனக்கு எதுக்கு?" என்று கேட்டாள். அந்தக் கோபத்தில்தான் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு எழுத்தும் நடிப்பும் சேர்ந்த முகாம் ஒன்றை ஆரம்பித்தேன். அது இன்றைக்கும் நடக்கிறது. அந்த டீச்சரின் மகனே போன வருஷம் வந்து சேர்ந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, பீஸ் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் செல்போன் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே காலியாகக் கிடந்த மாடிதான் எங்கள் முகாம். மே மாத வெயிலில் மேலே போட்டிருந்த தகரம் கொதிக்கும், இரண்டு பேன் சுற்றினாலும் அனல்தான் இறங்கும். முதல் வருஷம் பிள்ளைகளை எழுதச் சொன்னால் எல்லோரும் 'நான் கண்ட இயற்கைக் காட்சி' எழுதினார்கள். பரீட்சைப் பழக்கம். திண்டிவனத்தில் ஏதம்மா பனி மூடிய மலை என்று கத்திவிட்டு, ஒரு சட்டம் போட்டேன். இங்கே யாரும் 'நான்' என்று எழுதக்கூடாது. வீட்டில் இருக்கும் வேறு ஒருவராக மாறி எழுத வேண்டும், எழுதியதைக் கடைசி நாளில் அவராகவே மாறி மேடையில் பேச வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பாருங்கள், கோலியனூரிலிருந்து வந்த பையன் கரும்பு லாரி ஓட்டும் தன் மாமாவாக மாறி எழுதியதைப் படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். காணையிலிருந்து வந்த பெண், ரேஷன் கடையில் சண்டை போடும் தன் அம்மாவை அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள். அந்த அம்மா என்னிடம் வந்து சண்டை போட்டதும் அதே மாதிரிதான் இருந்தது.

இந்தக் கூட்டத்தில் கோட்டகுப்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். தினமும் பஸ்ஸில் வருவாள், கிளியனூர் தாண்டும்போது எனக்கு மெசேஜ் போடுவாள். அதிகம் பேசமாட்டாள். அவள் அப்பா, அத்தா என்றுதான் அவள் சொல்வாள், குவைத்தில் ஒரு கம்பெனியில் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். அந்தக் கோடையில் லீவில் வீட்டில்தான் இருந்தார். அவள் அத்தாவாக மாறித்தான் எழுதினாள். ஆனால் வீட்டில் இருக்கிற அத்தாவை அல்ல, தினமும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ காலில் வருகிற அத்தாவை. ஏன் என்று கேட்டேன்.

"லீவுல வர்றவரு வேற ஆளு மிஸ். விருந்தாளி மாதிரி இருப்பாரு. போன்ல இருக்கிற அத்தாதான் எனக்குத் தெரிஞ்சவரு."

எழுத்து என்றால் என்ன என்று அவளுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அவள் எழுதியதில் கடைசிப் பாரா ஒன்று இருந்தது. போனை வைத்த பிறகு அத்தா என்ன செய்கிறார் என்பது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் போன் திரையில் தெரிகிற ஒரு முகமும், பின்னால் ஒரு இரும்புக் கட்டிலும்தான். மிச்சத்தை அவளே நினைத்து எழுதியிருந்தாள். சாப்பிட்டு முடித்த தட்டை அவர் கழுவி வைக்கிறார், போனைச் சார்ஜில் போடுகிறார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். இது சரியா என்று அவரிடமே கேட்டுவிடேன் என்றேன். கேட்டால் சிரிப்பார், சொல்லமாட்டார் என்றாள். மேடையில் பார்த்தால் சொல்லுவார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அவள் பள்ளிக்கூட ஆண்டுவிழா எதையும் அவர் நேரில் பார்த்ததில்லை, எல்லாம் போனில் அனுப்பிய வீடியோதான்.

எங்கள் நிகழ்ச்சி நடக்கிற அன்றைக்கு ராத்திரிதான் அவருக்குச் சென்னையில் விமானம். ஏர்போர்ட்டுக்குத் திண்டிவனம் வழியாகவும் போகலாம். ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்து மகளைப் பார்த்துவிட்டு, எட்டு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். விட்டால் அடுத்த லீவுதான். அவள் எங்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லி வைத்திருந்தாள். தன்னை முதலில் விட்டுவிடச் சொல்லிப் பிள்ளைகளிடம் வரிசையும் மாற்றி வாங்கியிருந்தாள்.

இனி என் வீட்டுக்காரர் செய்த காரியத்துக்கு வருகிறேன். பெற்றோர் எல்லோரும் உட்கார மாடி போதாது என்று ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடிக்கச் சொன்னேன். கல்யாண சீசனில் மண்டபம் கிடைப்பது லேசா? தினசரிக் காலண்டரைப் புரட்டி, முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து, மலிவாகப் பேசி முடித்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். அன்றைக்கு முகூர்த்தம் இல்லைதான். மறுநாள் இருந்தது! முகூர்த்தத்துக்கு முந்தின சாயந்தரம் மண்டபம் யாருடையது என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியும். வரவேற்பு அன்றைக்குத்தானே நடக்கும்? எங்கள் கல்யாண வரவேற்பும் முந்தின சாயந்தரம்தான் நடந்தது. கோட்டு போட்டுக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நின்றவர் இந்த மனுஷன்தான். அதை மறந்துவிட்டு காலண்டர் பார்த்தாராம்.

நாங்கள் நாலு மணிக்குப் போய் இறங்கினால் வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. சீரியல் லைட் தொங்குகிறது. பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் பூவில் எழுதியிருக்கிறது. மீசை வரைந்துகொண்டும் முண்டாசு கட்டிக்கொண்டும் எங்கள் பிள்ளைகள் நடுவில் நிற்கிறார்கள். அதில் இரண்டு பேரைப் பெண் வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்து யாரோ பன்னீர்ச் செம்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதுகளும் வருகிறவர்கள் மேலெல்லாம் தெளித்துக்கொண்டு நின்றன. மேனேஜரைப் பிடித்தேன். அவர் நிதானமாக, உங்களுக்குப் பகலுக்குத்தான் கொடுத்தோம், மூன்று மணிக்கு மேல் பெண் வீட்டாருக்கு என்றார். நான் போட்ட சத்தத்தில் சமையல்கட்டிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரைக் காணோம். பைக்கைச் சரியாக நிறுத்திவிட்டு வருவதாகப் போனவர்.

வேறு மண்டபம் தேடினோம். எல்லாவற்றிலும் இதே கதைதான். மாடியிலேயே நடத்திவிடலாம் என்றால், மாலையில் கரண்ட் இருக்காது என்று காலையிலேயே மெசேஜ் வந்திருந்தது. இருட்டில் யாரைப் பார்க்கிறது? கோட்டகுப்பத்துப் பெண் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, கேட்கவும் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆறு மணிக்கு, கூரை மேல் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிய ஒரு கார் வந்து நின்றது. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் அவள் அத்தா இறங்கினார். பின்னாலேயே அவள் அம்மா. அவர் மண்டபத்து லைட்டையெல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்ளோ பெருசா பண்றீங்களா!" என்று என்னிடம் சந்தோஷமாகக் கேட்டார்.

அதே சமயம் உள்ளே வேறொரு கலவரம் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டு வேன் விழுப்புரத்திலிருந்து கிளம்பி, விக்கிரவாண்டிப் பக்கம் லீவு நாள் நெரிசலில் மாட்டிக்கொண்டது. பாட்டுக் கச்சேரிக்காரர்களும் அதே கூட்டத்தில். மண்டபம் நிறைய ஜனம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, மேடையில் இரண்டு பெரிய நாற்காலி காலியாக இருக்கிறது, மைக் சும்மா நிற்கிறது. இதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. மணப்பெண்ணின் அப்பாவைத் தேடிப் போனேன். கிளியனூர்ப் பக்கம் மல்லாட்டை, வேர்க்கடலைதான், போடுகிற விவசாயி. பட்டு வேட்டியில், மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். கையெடுத்துக் கும்பிட்டு, உங்கள் மாப்பிள்ளை வருகிற வரைக்கும் எங்கள் பிள்ளைகள் மேடையில் ஏறட்டுமா என்று கேட்டேன். கார் வாசலில் நிற்கிற கதையையும் சொன்னேன். அவர் ஜனத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"புள்ளைங்க பண்ணட்டும்மா. சும்மா குந்திக்கினு இருக்கிறதுக்கு அதுவும் நல்லதுதான். ஆனா நல்ல காரியம் நடக்கிற மேடை. அழுவுற மாதிரி மட்டும் எதுவும் வேணாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கோட்டகுப்பத்துப் பெண்ணிடம் போய், முன்னால் இருக்கிற தமாஷ் எல்லாம் செய், கடைசிப் பாராவை விட்டுவிடு என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"அதுக்குத்தானே மிஸ் அத்தா வந்திருக்காரு. நா அழ வைக்காம சொல்றேன்."

அவ்வளவுதான் சொன்னாள். மணப்பெண்ணுக்காகப் போட்டிருந்த சிவப்புக் கம்பளத்தின் மேல் நடந்து மேடை ஏறிவிட்டாள். காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று, கையில் போனைத் தூக்கிப் பிடித்து, அத்தாவாக மாறினாள். போன் பிடிக்கத் தெரியாத அத்தா. முகம் தெரியாது, பாதி நெற்றியும் ஒரு காதும்தான் தெரியும். 'கேக்குதா? நா தெரியறனா?' என்று கத்துவார். பின்னால் யாரோ லுங்கியோடு கடந்து போவார்கள், 'யோவ், வீடியோ கால்ல இருக்கேன்யா' என்று அதட்டுவார். 'உங்கம்மா எங்க, அவகிட்ட குடு' என்பார், கொடுத்ததும் பேச ஒன்றுமில்லாமல் 'மழை பெய்யுதா?' என்று கேட்பார். மே மாதத்தில்! மண்டபம் அதிர்ந்தது. அந்தக் கூட்டத்தில் எத்தனை வீட்டில் வெளிநாட்டுப் போன் வருகிறதோ, ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். முன்வரிசையில் அவள் அத்தா தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

பிறகு, 'சாப்ட்டியாம்மா? என்ன சாப்ட்டே? நா சாப்ட்டாச்சி, இன்னைக்கு பிரியாணி' என்றாள். போனை இறக்கினாள். சத்தத்தைக் குறைத்து, தட்டைக் கழுவினாள், போனைச் சார்ஜில் போட்டாள். படுக்கவில்லை. எழுதியதை அங்கேயே மாற்றிவிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்ப வேண்டியவள், ஜனத்தைப் பார்த்து நின்று ஒரு கொட்டாவி விட்டு, 'நாளைக்கும் இதே டைம்' என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜனம் சிரித்துக்கொண்டே கை தட்டியது, கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் சிரித்துக்கொண்டுதான் துடைத்தார்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எப்படிச் சொல்ல? பக்கத்தில் வந்து நின்ற என் வீட்டுக்காரர், பார்த்தாயா, எவ்வளவு நல்ல மண்டபம் என்றார். அவரைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து கரும்பு லாரி மாமா ஏறினார், ரேஷன் கடை அம்மா ஏறினார். வேன் வருகிற வரைக்கும் எங்கள் பிள்ளைகள் ஒருத்தர் விடாமல் பேசிவிட்டார்கள். இதற்கு நடுவில் மணப்பெண்ணின் அப்பா கோட்டகுப்பத்துப் பெண்ணின் அத்தாவிடம் போய் அவர் கையைப் பிடித்தார். வெளியூர் போகிறவர் சாப்பிடாமல் போகக்கூடாது என்று ஒரே பிடிவாதம். ஜல்தியாகப் போகணுமே பாய் என்று கார் டிரைவர் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. முதல் பந்திக்கு முன்னாலேயே இலை போட்டு, அத்தாவையும் அம்மாவையும் மகளையும் உட்கார வைத்தார். என்னையும் எதிரில் உட்காரச் சொன்னார்.

மேடை எப்படி இருந்தது என்று அத்தா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் காத்துக்கொண்டே இருந்தாள். எனக்கே பொறுமை போய்விட்டது. இலையில் எல்லாம் விழுந்துவிட்டது, அவர் கையை வைக்கவில்லை. நேரமாகிறது, சாப்பிடுங்கள் என்று நான் சொன்னேன். அவர் மகளின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு வாய் எடுத்து வைத்த பிறகுதான் அவர் கை சோற்றுக்குப் போனது.

"எல்லாம் சரியாத்தான் பண்ணே," என்றார், அவளைப் பார்க்காமல். "தட்டு கழுவறதுதான் இல்ல. நா அப்ப சாப்ட்டு இருக்கமாட்டேன்மா. நீ சாப்ட்டேன்னு சொன்னப்பறம்தான் தட்டே எடுப்பேன்."

அவள் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"அப்ப பிரியாணின்னு சொல்றது?"

"அது சும்மா."

"நா போன் எடுக்காத அன்னைக்கு?"

அவர் சிரித்தார். "லேட்டா சாப்புடுவேன்."

அவள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எட்டு மணிக்குக் கார் கிளம்பியது. அத்தா ஜன்னலில் கையை ஆட்டிக்கொண்டே போனார். ஹைவே பக்கம் கார் திரும்பி மறைகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்று, மேளம் முழங்க ஆரம்பித்தது. இப்போது அழுதுவிடுவாள் என்று நான் பக்கத்தில் போனேன். அவள் என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் வேறு ஒன்று இருந்தது.

"மிஸ், கடைசி பாரா தப்பு. நாளைக்கு வேற மாதிரி எழுதிக்கினு வர்றேன்."

முகாம் அன்றைக்கோடு முடிந்தது. நாளைக்கு மாடியைப் பூட்டிவிடுவோம் என்று அவளுக்கும் தெரியும்.

காலையிலேயே வா என்றேன்.